உடனே வந்துவிடுவார்கள்

முதல் உதையில் தாழ்ப்பாள் வளைந்தது. இரண்டாவது உதையில் கதவு சட்டத்தோடு பெயர்ந்து உள்ளே சாய்ந்தது.

கேடயம் பிடித்தவன் முன்னால். அவன் முதுகை ஒட்டியபடி தடிகளோடு மற்றவர்கள். எல்லோருக்கும் பின்னால், வழிகாட்ட அழைத்து வரப்பட்ட ஏட்டு.

அதிரடிப் படைக்காரர்களுக்கு இந்தத் தெருவே புதிது. ஏட்டுக்கு இந்த வீட்டின் மூச்சுகூடப் பழக்கம்.

உள்ளே இருப்பவனைத் தெருவே ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடும். ஒரு காலத்தில் கைப்பந்து அணிக்குத் தலைவனாக இருந்தவன். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். மாத்திரையை நிறுத்திவிட்டால் மட்டும் சுவரோடு சண்டைக்குப் போவான்.

முன்பெல்லாம் அவனுடைய அக்கா நேராக ஸ்டேஷனுக்குப் போன் செய்வாள். ஏட்டு தனியாகக் கிளம்பி வருவார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழைய ஆட்டங்களைக் கிளறுவார். எவன் பந்தைக் கோட்டைவிட்டான், எந்த நடுவர் கண்ணை மூடிக்கொண்டு விசில் ஊதினார் என்று பேச்சு நீளும். கேப்டன் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவான்.

அதெல்லாம் ஸ்டேஷனில் ஆட்களைக் குறைப்பதற்கு முந்தைய கதை. இப்போது போன்கள் எல்லாம் தலைமை அலுவலகத்துக்குப் போகின்றன. யாரை, எப்போது, எங்கே அனுப்புவது என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

படியேறும்போதே ஏட்டு சொல்லிப் பார்த்தார். “நான் போய்க் கூப்பிட்டா வந்துடுவான் சார். கத்தியெல்லாம் இருக்காது.”

“இருக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் படையின் அதிகாரி.

ஏட்டு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“போன வருஷம் நம்ம ஆளு ஒருத்தர் இப்படித்தான் வாசல்ல நின்னு பேச்சுக் கொடுத்தாரு. இப்ப நம்ம ஆபீஸ் சுவத்துல போட்டோவா இருக்காரு. ஓரமா நில்லுங்க.”

கேப்டன் அறையின் நடுவில் நின்றிருந்தான். சட்டையில்லாத உடம்பு முழுக்க வியர்வை. வலது கையில் என்னவோ பளிச்சென்று மின்னியது.

“கையில கத்தி!”

கேடயம் அவன் முகத்தில் போய் மோதியது. மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் ஏட்டு நின்ற இடம்வரை கேட்டது.

ஒரு தடி மணிக்கட்டில் இறங்கியது. இன்னொன்று முழங்காலில். வெட்டிய மரம்போல அவன் சரிந்தான். விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை. தோளில், விலாவில், தலையைப் பொத்திய கைகளின் மேல்.

பிறகு முழங்கால்கள். ஒன்று முதுகில், ஒன்று கழுத்தில்.

கேப்டன் மூச்சுக்காகத் துடித்தான். எதிர்க்கிறான் என்று இன்னும் அழுத்தினார்கள். அவன் இன்னும் துடித்தான்.

பூட்ஸுகளுக்கு நடுவே அவனுடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது ஏட்டைக் கண்டுபிடித்துவிட்டது.

“அண்ணே... சொல்லுங்கண்ணே...”

“விட்டுடுங்க சார்! அடங்கிட்டான்!” ஏட்டு தொண்டை கிழியக் கத்தினார். தலைக்கவசம் போட்ட காதுகளில் எதுவும் ஏறவில்லை. ஒருவனுடைய தோளைப் பிடித்து இழுத்தார். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் தள்ளியதில் சுவரில் போய் மோதினார்.

அவருடைய காலடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடந்தது. சுவரில் இடித்து இடித்து அதன் விளிம்பு நசுங்கியிருந்தது.

அவர்கள் எழுந்தபோது கேப்டன் எழவில்லை.

புரட்டிப் போட்டார்கள். சற்று முன் அவனை நசுக்கிய கைகளே இப்போது நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தன. வாயோரம் ரத்தம் குமிழிட்டது. பிறகு அதுவும் நின்றது.

அதிகாரியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. “கத்தியைத் தேடுங்கடா!” என்றார். கட்டிலைக் கவிழ்த்தார்கள். மெத்தையைக் கிழித்தார்கள். சமையலறையில் பாத்திரங்கள் உருண்டு விழுந்தன. கரண்டிகள்தான் கிடைத்தன.

அப்போது அக்கா படியேறி ஓடி வந்தாள். பக்கத்து வீட்டார் சொன்னதும் வேலை செய்யும் மருந்துக் கடையிலிருந்தே போன் செய்துவிட்டு, அப்படியே கிளம்பி வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது. விழுந்து கிடந்த கதவின் மேல் ஏறித்தான் அவளால் உள்ளே வர முடிந்தது.

தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். துப்பட்டாவால் அவன் மூக்கைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, அவன் முகம் சுளிக்காததைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

“கத்தி எங்கம்மா?” அதிகாரியின் குரல் உடைந்திருந்தது.

“இந்த வீட்டுல கத்தியே கிடையாது. இவனுக்குப் பயந்து காயைக்கூட நறுக்கினதாத்தான் வாங்கிட்டு வருவேன்.”

“அப்புறம் எதுக்கும்மா போன்ல கத்தி வச்சிருக்கான்னு சொன்னீங்க?”

அவள் தலையைத் தூக்கி ஏட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளையின் முகம்.

“போன தடவை நாள் முழுக்கக் காத்திருந்தும் யாரும் வரல. கத்தின்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோம்மா, உடனே வந்துடுவாங்கன்னு நீங்கதானே அண்ணே சொல்லிக் கொடுத்தீங்க?”