இருபதாவது வாய்தா

"உடம்பு எப்படி இருக்கு, மிஸ் ஐவி?" என்று கோர்ட்டு வராந்தாவில் கையை நீட்டினார் வக்கீல் டெஸ்மண்ட் பின்னாக். எதிர்க்கட்சிக்காரியிடம் இவ்வளவு கரிசனம் காட்டும் வக்கீல் ஜமைக்காவிலேயே கிடையாது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

கரிசனமாவது, மண்ணாவது! எண்பத்து நாலு வயதுக் கிழவியின் கைப்பிடி போன தடவையைவிடத் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். முப்பத்து நாலு வருடமாக நில வழக்குகளில் அவர் ஜெயித்ததெல்லாம் வாதத்தால் அல்ல, வாய்தாவால். சாவுதான் அவருக்குச் சம்பளம் வாங்காத ஜூனியர் என்று மற்ற வக்கீல்கள் கேலி செய்வார்கள்.

இந்த வழக்கில் கட்சிக்காரரும் அவரே. கடலோரத்தில் சீமைப்பலா நிற்கும் இரண்டு ஏக்கரை, ஐவியின் புருஷன் லெபர்ட் எழுதிக் கொடுத்ததாக ஒரு பத்திரம் வைத்திருந்தார். "அது என் கையெழுத்தே இல்ல" என்று கூண்டேறிச் சொல்லக்கூடியவர் லெபர்ட் ஒருவர்தான். பின்னாக் வாங்கிய வாய்தா பத்தொன்பது. பதினோரு வருடம் காத்திருந்த லெபர்ட், போன ஜனவரியில் அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்.

இனி, "என் கண் முன்னாலதான் கையெழுத்துப் போட்டார்" என்று பின்னாக் கூண்டேறிச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதைச் சொல்ல அவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. சொல்லிவிட்டால் கிழவி வீட்டையும் புருஷன் கல்லறையையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

"கர்த்தர் புண்ணியத்துல இருக்கேன்," என்றாள் ஐவி. பிடித்த கையை விடவில்லை. அவர் மணிக்கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, மார்பில் தலைகீழாகக் குத்தியிருந்த பழைய கடிகாரத்தைக் குனிந்து பார்த்தாள். நிற்கவே தெம்பில்லாமல் பிடிமானம் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் பின்னாக்.

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்க. மூஞ்சி சரியாத் தெரியல."

ஆக, கண்ணும் போயாச்சு! சந்தோஷமாகவே வெளிச்சத்தில் போய் நின்றார்.

"ரொம்ப இளைச்சிட்டீங்களே. கோட்டு தொளதொளங்குது."

"சர்க்கரையக் கொறைச்சுட்டேன்ல! டெய்லர் ரெண்டு தடவ பிடிச்சுத் தச்சுட்டான். மாப்பிள்ள மாதிரி இருக்கேன்னு ஊரே சொல்லுது."

"வாசல்ல மீன் பொரிக்கிறாளே, சாப்டீங்களா? முன்ன ரெண்டு தட்டு வாங்குவீங்க."

"அத ஏன் கேக்கறீங்க. வாசனையே கொடலப் பொரட்டுது," என்று முழங்கையைச் சொறிந்துகொண்டார்.

"ம்," என்ற ஐவி, தன் வக்கீல் டேவியாவைத் தனியே கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள்.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். "நான் தயார், யுவர் ஆனர்," என்று எழுந்தார் பின்னாக்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "நீங்களா தயார், மிஸ்டர் பின்னாக்? இன்னிக்கு மழை கொட்டப் போகுது." கோர்ட்டே சிரித்தது.

டேவியா எழுந்தாள். "எங்களுக்கு நவம்பர் வரைக்கும் வாய்தா வேணும், யுவர் ஆனர்."

பின்னாக் பதறிவிட்டார். "நவம்பரா? இப்ப மே மாசம்! பாவம், அந்தம்மா வயச யோசிச்சுப் பாருங்க!"

"பத்தொம்போது தடவ இந்தப் பாவம் உங்களுக்குத் தோணலையே," என்றார் நீதிபதி. "கேக்கறது அவங்களேதான். நவம்பர் பதினேழு."

வராந்தாவில் ஐவியை மறித்துக்கொண்டார் பின்னாக். "உங்க வயசுல ஆறு மாசம்னா சும்மாவா? நடுவுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

ஐவி கடிகாரத்தை உடுப்பின் ஓரத்தால் நிதானமாகத் துடைத்தாள்.

"முப்பத்தெட்டு வருஷம் கேன்சர் வார்டுல நர்ஸா இருந்தவ நான். இந்த மஞ்சக் கண்ணோட, இந்த இளைப்போட வந்தவங்க எத்தனையோ பேரப் பாத்திருக்கேன்."

பின்னாக்கின் கை தானாகக் கண்ணுக்குப் போயிற்று.

"நவம்பருக்கு நான் வந்துருவேன், மிஸ்டர் பின்னாக்."