பின்னலும் பெயரும்

ஒரு தாயின் மூளையில் அக்கா தங்கையாக இரண்டு நொதிகள் இருந்தன. இருவருக்கும் நரம்புகளின் செய்தியைச் சுமக்கும் ரசாயனத்தைத் தயாரிக்கும் வேலைதான். அக்காவுக்குக் கைகளை அசைக்கும் பகுதி, தங்கைக்கு நினைவுப் பகுதி.

அன்று நரை ஓடிய தலையுடன் மகள் வந்து தாயின் முன்னால் உட்கார்ந்தாள். அக்கா விறுவிறுவென்று வேலை செய்தாள். தாயின் விரல்கள் கூந்தலை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கின.

"என்னடி, தூங்கறியா? பிள்ளையோட பேரை அனுப்பு" என்றாள் அக்கா.

"அனுப்பத்தான்க்கா பார்க்கறேன். கூட வேலை செஞ்சவங்க ஒவ்வொருத்தரா வேலையை விட்டு நின்னுட்டாங்க. நான் ஒருத்தி செய்யறது பாதி வழிகூடப் போகலை."

அக்கா பிறகு கேலி செய்யவில்லை.

பின்னல் கோணாமல் முடிந்தது. தாய் ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?"

மகள் திரும்பாமலே தன் பெயரைச் சொன்னாள்.