ரோஜாவுக்குப் பூச்சி வந்துச்சா?

"முசியே, உங்க வீட்டு ரோஜாவுக்கு இந்த வருஷமும் பூச்சி வந்துச்சா?"

பதினேழாம் எண்ணை நோக்கிப் போன ஃபெர்னானின் கை, பந்தய வில்லையோடு பாதியில் நின்றது.

"வந்துச்சு மதாம். இலைக்கு அடியில ஒட்டிக்கிட்டு..."

"போதும், இனிமே யாரும் வைக்கக் கூடாது" என்றான் தியெரி. ரூலெட் சக்கரத்தில் குண்டு இரண்டு தடவை துள்ளிவிட்டு உட்கார்ந்தது.

பதினேழு.

"அடடா, உங்க நம்பர் போல இருக்கே" என்றாள் மதாம் சோலாஞ். "சரி, பூச்சிக்கு என்ன மருந்து அடிச்சீங்க?"

தியெரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் காஸினோவில் சக்கரம் சுற்றும் வேலைக்கு அவன் இந்த வசந்தத்தில்தான் சேர்ந்திருந்தான். வந்த நாளிலிருந்து இதே கூத்து. வியாழக்கிழமை மதியம் கிழவர் ஃபெர்னான் வருவார். ஐம்பது யூரோவை வில்லையாக மாற்றிக்கொண்டு அவன் மேஜையில் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் அந்தம்மா வந்து பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். பேருக்கு எப்போதாவது சிவப்பில் ஒரு வில்லை வைப்பாள். மற்ற நேரமெல்லாம் பேச்சுத்தான். ரோஜா, முழங்கால் வலி, பக்கத்து வீட்டுப் பூனை. பதில் சொல்லி முடிப்பதற்குள் கிழவருக்கு ஆட்டம் போய்விடும். ஆனாலும் சிரித்துக்கொண்டே இருப்பார். மரியாதை தெரிந்த மனுஷன், பாவம், என்று தியெரி நினைத்துக்கொள்வான்.

நம்பர் விழுந்தால் ஜெயித்தவர் ஊழியர்களுக்கு ஒரு வில்லை தருவது அங்கே வழக்கம். அவன் கோபத்தில் அதுவும் கொஞ்சம் கலந்திருந்தது. அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

"விதவையா இருப்பா" என்றாள் மேஜைக்குப் பொறுப்பான வலேரி. "கிழவருக்கு வலை வீசறா."

"வீசட்டும். அந்த மனுஷனை ஆட விட்டுட்டு வீசட்டுமே."

அடுத்த வியாழக்கிழமை அவனே காரியத்தில் இறங்கினான்.

"மதாம், இன்னைக்கு அந்த நாற்காலி வேற ஒருத்தருக்கு. நீங்க அந்தக் கோடியில உட்காருங்களேன்."

கோடியில் இருந்தவர் ஒரு பெல்ஜியக்காரர். காது சுத்தமாகக் கேட்காது. தியெரி யோசித்துத்தான் இடம் போட்டிருந்தான்.

சோலாஞ் ஃபெர்னானைப் பார்த்தாள். அவர் வில்லைகளை அடுக்கிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அவள் போய்க் கோடியில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குக் கிழவரின் கை தடையில்லாமல் ஓடியது. கொஞ்ச நேரத்திலேயே பதினேழு விழுந்தது. "ஊழியர்களுக்கு" என்று ஒரு வில்லையைத் தள்ளினார். நல்ல காரியம் செய்தோம் என்று தியெரிக்குத் திருப்தி.

அப்புறம் விழவில்லை. ஒரு எண்ணில் வைத்தவர் நாலு எண்ணில் வைத்தார். கோட்டைக் கழற்றிப் போட்டார். சிரிப்பு நின்றுபோனது. அவருக்கு வந்த சூடான சாக்லேட் தொடாமலே ஆடை கட்டிக் கிடந்தது. வில்லைகள் தீர்ந்ததும் எழுந்து, வாசலோரம் இருந்த பண மெஷினை நோக்கி நடந்தார்.

"இன்னைக்கு இது போதாதா முசியே?" என்றான் தியெரி.

"கூரை போடறவன் அடுத்த மாசம்தான் வரான். அவனுக்கு வச்ச பணம் அதுவரைக்கும் சும்மாதானே கிடக்கு" என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

தியெரி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மெஷின் பக்கம் பார்த்தான்.

அவர் நோட்டுகளோடு திரும்பி வரும்போது சோலாஞ் எழுந்து வழியில் நின்றாள்.

"முசியே, உங்க வீட்டு ரோஜாவுக்குப் பூச்சி வந்துச்சா?"

அவர் விலகிப் போகப் பார்த்தார். அவள் நகரவில்லை.

"கேட்டதுக்குப் பதிலைக் காணோமே முசியே."

காது மடல் சிவக்க அவர் அப்படியே நின்றார். மேஜையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"வந்துச்சு மதாம்" என்றார் கடைசியில். நோட்டு மொத்தத்தையும் அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக் கைப்பையில் போட்டு மூடினாள்.

இதைத்தான் எதிர்பார்த்தேன் என்று நினைத்தபடி, சக்கரத்தை வலேரியிடம் விட்டுவிட்டு ஓடிவந்தான் தியெரி.

"முசியே, இந்தம்மா உங்ககிட்ட பணம் பறிக்கிறாங்களா? போலீஸைக் கூப்பிடவா?"

"வேணாம் தம்பி. பாதி அவங்க பணம்தான்" என்றார் ஃபெர்னான். "அவங்க என் பொண்டாட்டி."

தியெரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதே மேஜையில ஒரு பேக்கரியைத் தொலைச்சவன் நான். என்னை மூணு வருஷம் உள்ள விடாதீங்கன்னு காஸினோவுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். அது முடிஞ்சும் ஆசை விடல. சரி, ஐம்பது யூரோ, சாயங்காலம் வரைக்கும் சிரிப்பு, அதோட வீடுன்னு பேசிக்கிட்டோம். பக்கத்துல வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுன்னு நான்தான் கேட்டேன். இன்னைக்கு நீங்க இடம் மாத்தினப்ப எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு தம்பி. இப்ப வெக்கமா இருக்கு."

தியெரிக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அவர் தள்ளிய அந்த ஒரு வில்லை மனசில் கனப்பதுபோல் இருந்தது.

"அது சரி மதாம்" என்றான், என்ன கேட்பதென்று தெரியாமல். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, உங்க ரோஜாவையே எதுக்கு யாரோ மாதிரி விசாரிக்கிறீங்க?"

சோலாஞ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தம்பி, பொண்டாட்டி பேசினா இவர் காதுல என்னைக்கு விழுந்திருக்கு? பேக்கரி போற வரைக்கும் கத்திப் பார்த்தேன். முன்னபின்ன தெரியாத பொம்பளை கேட்டாத்தான், மரியாதைக்காவது கையை நிறுத்திட்டுப் பதில் சொல்றாரு."