ஆசானின் கால்

"பொம்பிளக் கை பட்டா வைத்தியம் பலிக்காது. அந்த அம்மாவத் தள்ளி நிக்கச் சொல்லும் ஆசானே!"

மாட்டு வண்டியில் படுத்தபடியே கத்தினார் சுயம்புலிங்கம். கருங்கல் சந்தையில் பெரிய கொப்பரை வியாபாரி. இடுப்பு பிடித்துப் பன்னிரண்டு நாளாயிற்று. நாலு பேர் சேர்ந்துதான் வண்டியிலிருந்து இறக்கினார்கள்.

தாங்கிப் பிடிக்க வந்த ஞானபாய் கையை எடுத்துக்கொண்டாள்.

அவள் புருஷன், வர்ம வைத்தியர் செல்வதாஸ் ஆசானுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் வந்திருப்பவர் நோயாளி.

"டாக்டர் ஆறு மாசம் அனங்காம கெடக்கணும்ங்காரு. ஆவணி இருவத்தெட்டுல மகளுக்குக் கல்யாணம். நான் நின்னு தாரை வாத்துக் குடுக்கணும். நடக்குமா ஆசானே?"

ஆசான் அவர் முதுகெலும்பின் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

"நடக்கும். மொதல் ஏழு நாள் எண்ணெ தேச்சுக் கை உழிச்சல். பெறவு ஏழு நாள் சவிட்டு உழிச்சல். மேல உத்தரத்துல கயிறு கெட்டி, அதப் பிடிச்சிட்டு நின்னு, காலால எண்ணெ போட்டு உழியணும். கடைசி ஏழு நாள் இலைய வதக்கிக் கிழி கெட்டி ஒத்தடம்."

"எல்லாம் நீரேதான் செய்யணும்."

ஆசான் ஒரு நிமிஷம் மனைவியைப் பார்த்தார்.

"நாந்தான்" என்றார்.

அன்று மதியம் அடுக்களையில் ஞானபாய் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குப் பொய் சொன்னிய? நீங்க ஒத்தக் கால்ல எப்பிடி நிப்பிய?"

போன வருஷம் சிதறால் பாறையில் வழுக்கி விழுந்ததில் ஆசானுக்கு வலது கால் முட்டுச் சிரட்டை உடைந்திருந்தது. நடக்க முடியும். ஒரு காலில் பாரம் தாங்காது. அதிலிருந்து ஆண்களுக்குச் சவிட்டு உழிச்சலையே நிறுத்திவிட்டார். பெண்களுக்கு ஞானபாய் செய்வாள். அவளுடைய அப்பாவும் ஆசான்தான். பாவாடை கட்டிய வயசிலேயே அவள் அந்தக் கயிற்றைப் பிடித்தவள்.

"நீதான் சவிட்டப்போற. அவரு குப்புறத்தான கெடப்பாரு? தலையில ஒரு துணியப் போட்டிருவேன்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நம்ம பேரு போவும். ஏலாதுன்னு அனுப்பி வச்சா, அந்தப் பிள்ளைக்க கல்யாணத்தன்னைக்கு அப்பன் கட்டில்ல கெடப்பாரு. ஏட்டி, இந்த இடுப்புக்கு உனக்க காலுதான் மருந்து. முட்டு நல்லா இருந்த காலத்துலயும் எனக்கு உன்ன மாதிரி வராது."

ஞானபாய் உத்தரத்துக் கயிற்றை இழுத்துப் பார்க்கப் போனாள்.

எட்டாம் நாள். சுயம்புலிங்கம் பலகையில் குப்புறக் கிடந்தார். ஞானபாய் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். எண்ணெய் பட்ட பாதம் இடுப்பிலிருந்து தோள் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிடிப்பு இருந்த இடத்தில் நின்றது. அவர் மூச்சு விடும்வரை காத்திருந்து, சட்டென்று அழுத்தியது.

"எம்மோ!" என்று அலறினார் அவர். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். "ஆசானே, ஆம்பிளக் காலுக்க பெலமே பெலம்!"

கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பதினான்காம் நாள் தானாக எழுந்து உட்கார்ந்தார். இருபத்தோராம் நாள், பிடிக்க வந்தவர்களை விலக்கிவிட்டு வண்டி வரைக்கும் நடந்தே போனார்.

ஆவணி இருபத்தெட்டு. கல்யாணப் பந்தல் நிறைய ஜனம். சுயம்புலிங்கம் நிமிர்ந்து நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். தாலி கட்டி முடிந்ததும் மேளத்தைக் கை காட்டி நிறுத்தினார்.

"என்ன எந்திரிச்சு நடக்க வச்ச ஆசானுக்கு ஒரு மரியாத செய்யணும். ஆசானே, வாரும்!"

ஆசான் எழுந்தார். ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"கூப்பிட்டா வரமாட்டாராக்கும்? திமிரப் பாத்தியளா!" என்றார் பக்கத்தில் இருந்த கோலப்பன். அவரும் கொப்பரை வியாபாரிதான்.

"போங்க. எனக்கு மனசு நெறஞ்சுதான் இருக்கு" என்று ஞானபாய் மெதுவாகச் சொன்னாள்.

ஆசான் நொண்டிக்கொண்டே மேடை ஏறினார். கும்பிட்டார்.

"இந்த மரியாதைய நான் வாங்கப்பிடாது. கை உழிச்சலும் கிழியும் நான் செஞ்சது. ஆனா இவர எழுப்பினது சவிட்டு உழிச்சல். அத ஏழு நாளும் செஞ்சது எனக்க பெண்டாட்டி ஞானபாய். பொய் சொன்னது எனக்க குத்தம், மன்னிக்கணும். ஆனா ஒண்ணு. அவ காலுக்க வித்தைய எந்த மேடையிலயும் நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன்."

கோலப்பன்தான் முதலில் துள்ளி எழுந்தார்.

"பொம்பிளையா சவிட்டினா? அண்ணாச்சிய நல்லா ஏமாத்திப் போட்டாரே!"

சுயம்புலிங்கம் மரியாதைக்கென்று தாம்பாளத்தில் இருந்த பொதியைப் பிரித்தார். உள்ளே ஆண்கள் போர்த்துகிற நேரியல் இல்லை. மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை.

"ஞானபாய் அம்மா, மேல வாங்கம்மா" என்று தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார்.

ஞானபாய் கூட்டத்தின் நடுவே தலை நிமிர்ந்து நடந்து வந்தாள்.

ஆசான் புடவையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒங்களுக்கு... எப்பத் தெரியும்?"

"சவிட்டு தொடங்கின மூணாம் நாளே. காலு எனக்க முதுகுல கெடக்கு, நீரு வெளிய முத்தத்துல நின்னு ஆரோடயோ பேசுகது காதுல விழுது!"

"பெறவு ஏன் ஒண்ணும் சொல்லல்ல?"

"சொல்லீருந்தா அந்தக் காலு நின்னு போவும்லா? கொழுப்பு எனக்க வாய்க்குத்தான் ஆசானே. முதுகுக்கு நெசம் தெரிஞ்சு போச்சு!"