செவ்வாய்ப் படையின் கீதம்

செவ்வாய்க் கிரகப் போரைப் பற்றி ஓய்வுபெற்ற சுபேதார் தைரியநாதன் உயிரைக் கொடுத்து எழுதிய நாவலை நையாண்டிப் படமாக்கியிருந்தார்கள். வசனத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதற்கே தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் இயற்றிய படைக் கீதம் திரையில் ஒலித்ததும் தைரியநாதன் எழுந்து விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"யோவ் பெருசு, மறைக்குது, உட்காரு!" என்றான் பின்வரிசைக்காரன்.

"டேய், செவ்வாயோட தேசிய கீதம்டா, எந்திரிங்கடா!" என்று இன்னொருவன் கத்த, அரங்கமே சிரித்தபடி எழுந்து நெற்றியில் கைவைத்தது.

மகள் ஜெசிந்தா அவர் சட்டையை இழுத்தாள். "கிண்டல் பண்றாங்கப்பா. வாங்க, போயிடலாம்."

"எந்திரிச்சாங்கல்ல?"

கீதம் முடிந்தது. தைரியநாதன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, விறைப்பைத் தளர்த்த ஆணையிடும் பரேடு மைதானத்துக் குரலில், "விஷ்ராம்!" என்றார்.

அத்தனை கைகளும் ஒன்றாக இறங்கின.