எல்லையில் ஒரு அல்ஹம்துலில்லாஹ்

உபரி ஆக்சிஜன் சிலிண்டர் காலி. அதன் வால்வை மூடுவதாக நினைத்துத் திறந்துவைத்த மேதாவி நான்தான். வழியெல்லாம் கேட்ட சீறலுக்கு என் பழைய காரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். மனைவி மப்ரூகாவின் மூக்குக் குழாயோடு இணைத்திருக்கும் இன்னொரு சிலிண்டரின் முள்ளும் சிவப்பைத் தொடுகிறது. லிபியாவில் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி உண்டு, இதய மருத்துவர் கிடையாது. அவர் இந்த மூடிய எல்லைக் கேட்டுக்கு அப்பால், துனீசியாவில் இருக்கிறார். உப்புநிலத்தின் வெயிலில் கண் கூசுகிறது. முன்னால் ஒரு காரும் அசையவில்லை. "எப்பண்ணே திறப்பீங்க?" "இன்ஷா அல்லாஹ்," என்று காவலர் என்னைப் பார்க்காமலே சொல்கிறார். பின்சீட்டுப் பக்கம் திரும்புகிறேன். "எப்படி இருக்கு?" "அல்ஹம்துலில்லாஹ்." பல்வலிக்கும் பிரசவ வலிக்கும் அவள் சொன்னதும் அதேதான். "இங்க ஒருத்தன் பயந்து சாகுறேன். இறைவனை அப்புறம் புகழு, எனக்குப் பதில் சொல்லு." "உங்களை நம்பி சிலிண்டரைக் கொடுத்தேனே, என்னைச் சொல்லணும்," என்று சிரிக்கப் பார்க்கிறாள். குழாயின் மெல்லிய இரைச்சல் நின்றுபோகிறது. அவள் உதட்டோரம் நீலமாகிறது. விரல்கள் என் சட்டைக் கையைத் தேடிப் பிடிக்கின்றன. "மப்ரூகா, மூச்சு வருதா?"

"வரலைங்க."