சீட்டுக் குழாயில் மூன்று பைகள்

"யாருய்யா இதை உள்ள வெச்சது?"

அவர் போட்ட சத்தத்தில் மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தகர டப்பாவில் விழுந்தது.

சைக்கிள் சீட்டைத் தாங்கும் கம்பியை எடுத்துவிட்டு, அதைவிட எடை குறைந்த புதுக் கம்பியைப் போடத்தான் அவர் கடைக்கு வந்திருந்தார். பழைய கம்பியை உருவியதும் குழாய்க்குள் ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. மெக்கானிக் வண்டியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். பொத்து பொத்தென்று மூன்று நீளப் பைகள் விழுந்தன. பிரித்தால், உள்ளே ஈயக்குண்டுகள்!

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் அவருக்கு 'கிராம் சார்' என்று பெயர். எடை கூடுகிறதென்று மணியைக்கூடக் கழற்றி எறிந்தவர். வழியில் யாராவது குறுக்கே வந்தால் வாயாலேயே 'கிணிங் கிணிங்' என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் வண்டியில் ஈயம் என்றால் சும்மா விடுவாரா?

மெக்கானிக் மூன்று பைகளையும் தராசில் வைத்தார். "ரெண்டு கிலோ நூறு சார்."

"ரெண்டு கிலோவா! அடப்பாவி! சக்கரம் மாத்தினேன், முந்நூறு கிராம் குறைஞ்சது. பெடல் மாத்தினேன், செயின் மாத்தினேன். மாத்த மாத்த மேட்டுல மூச்சு முட்டுது. வயசாயிடுச்சுன்னு நானே நம்பிட்டேன்யா!"

"முழு வண்டியைத் தராசுல ஏத்திப் பார்த்ததே இல்லையா சார்?"

"எதுக்குய்யா? ஒவ்வொரு பாகமா எடை போட்டு, கூட்டி, நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்ல!"

பக்கத்து ஸ்டூலில் கிராம் சாரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சைக்கிளும் பிரேக் கட்டை மாற்ற வந்திருந்தது.

"அதான் வெளிய எடுத்தாச்சுல்ல, விடுங்களேன்" என்றாள். "சீட்டுக் கம்பி நல்லாத்தானே இருக்கு, மாத்தாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்."

"மாத்தினதாலதானே குட்டு உடைஞ்சது!" அவர் ஒரு பையை எடுத்து ஆட்டினார். "துணியைப் பாரு. நம்ம குழுவோட ஆரஞ்சு பனியன். உள்ளாள் வேலை! குண்டைப் பாரு. தூண்டில்ல கட்டற ஈயம். நம்ம குழுவுல தூண்டில் போடற ஆளு யாரு?"

அவள் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டே. உன் தம்பி! எட்டு வருஷமா மேட்டு உச்சிக்கு முதல் ஆளா போனது யாரு? நான். ரெண்டு மாசமா யாரு? உன் அருமைத் தம்பி. மேல நின்னுக்கிட்டு 'மெதுவா வாங்க மாமா'ன்னு கையை வேற ஆட்டறான். நான் கடைசி ஆளா, உன்கூடக் கதை பேசிக்கிட்டு உருட்டிட்டு வர்றேன். எனக்கு இந்த நிலைமையா?"

மச்சினனுக்குப் போன் போட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார்.

"டேய், என் வண்டிக்குள்ள ஈயத்தைப் போட்டியே, நீயெல்லாம் மனுஷனாடா?"

"ஈயமா? என் தூண்டில் டப்பாவுல குண்டைக் காணோம்னு நானே ரெண்டு மாசமா தேடிட்டிருக்கேன் மாமா. நீங்கதான் எடுத்தீங்களா?"

"நடிக்காதடா! இனிமே என் வீட்டு வாசப்படி மிதிச்சே, காலை உடைச்சிடுவேன். உனக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது!"

"மாமா, அக்காகிட்ட கொஞ்சம் குடுங்க..."

அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் திணித்தார். மனைவியின் முகம் சிவந்துவிட்டது.

"என் கூடப்பொறந்தவன் அவன் ஒருத்தன்தாங்க. அவனை வரக் கூடாதுன்னா நான் யாருகிட்ட போவேன்?"

"அதுக்காக? கூடவே வந்து குழி பறிப்பானா? நான் அவனை மாதிரியா? மேல முதல்ல போய்ச் சேர்ந்தாலும் கடைசியா வர்ற உனக்காக எத்தனை நேரம் நின்னிருக்கேன்! நீ வந்து சேராம ஒரு நாளாவது கிளம்பியிருக்கேனா? யோவ், நீயே இவகிட்ட கேளுய்யா!"

மெக்கானிக் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "புதுக் கம்பியைப் போட்டுடவா சார்?" என்றார்.

"போடு! அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் என் முதுகைத்தான் பார்க்கணும். எல்லாப் பயலும் என் முதுகைத்தான் பார்க்கணும்!"

மனைவி எழுந்தாள். கைப்பையைத் திறந்தாள். உள்ளே கையை விட்டு எதையோ எடுத்து, மேஜை அதிர வைத்தாள். ஆரஞ்சுத் துணியில் நீளமாகத் தைத்த இன்னொரு பை.

அவர் அதையும் மற்ற மூன்று பைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல்ல என் தம்பிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க" என்றாள். "எனக்காக நின்னாராம்! நல்லா உட்கார்ந்து, தண்ணி குடிச்சு, இளைப்பாறிட்டு, நான் மூச்சு வாங்க வந்து ஒரு காலைக் கீழ ஊனறதுக்குள்ள 'வந்துட்டியா, கிளம்பலாம்'னு போயிடுவீங்க. எட்டு வருஷமா உங்க முதுகைத்தாங்க நானும் பார்த்தேன். இந்த ரெண்டு மாசமாத்தான் பக்கத்துல வந்து பேசறீங்க."

பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, சக்கரத்துக்கு ஒண்ணு, பெடலுக்கு ஒண்ணு, செயினுக்கு ஒண்ணு போட்டேன். இது புதுக் கம்பிக்குத் தைச்சது, நாலையும் உள்ள போட்டு மூடுங்க."